எடுக்கச் சொன்னா எதை எடுப்ப?

தம்பி, முதல்ல அந்த நோட்டை மூடு. பக்கத்துக்குப் பத்து வீதம் இங்கிலீசு வார்த்தை, எதிர்ல தமிழ் அர்த்தம், நடுவுல ஸ்கேல் வெச்சு சிவப்புக் கோடு. பார்வைக்கு நல்லாத்தான் இருக்குது. கல்யாண வீட்டு மொய் நோட்டுகூட இவ்ளோ சுத்தமா இருந்து நான் பார்த்ததில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் இங்கிலீசு கிளாஸ்காரன் மாசாமாசம் காசு வாங்கிக்கினு இதைத்தான் எழுதச் சொன்னான்னா, அந்தக் கிளாஸ்ல பிழைக்கக் கத்துக்கினவன் அவன் ஒருத்தன்தான்.

'பிக்கப்'னு ஒண்ணு எழுதியிருக்க பாரு. எதிர்ல என்ன போட்டிருக்க? 'கீழிருந்து எடுத்தல்'. அதோட முடிஞ்சுதா? ஏன்டா, நேத்து சாயங்காலம் இதே ஸ்டாப்பிங்ல நின்னுக்கினு, 'மச்சான், என் வண்டியில பிக்கப்பே இல்லடா, காலையில வந்து என்னைப் பிக்கப் பண்ணிக்க, போன் அடிச்சா பிக்கப் பண்ணித் தொலை'ன்னு ஊருக்கே கேக்குறாப்பல கத்தினியே, அது யாரு? ஒரே மூச்சுல மூணு பிக்கப்பு. மூணும் வேற வேற. ஒண்ணுலகூட கீழேயிருந்து யாரும் எதையும் எடுக்கல. நோட்டுல ஒண்ணு, வாயில மூணு. உன் வாய்க்குத் தெரிஞ்சது உன் நோட்டுக்குத் தெரியல. ஆனா நாளைக்கு இன்டர்வியூன்னதும் வாயை நம்பாம நோட்டை நம்புற.

மாஸ்டரு, ரெண்டு டீ. எனக்குச் சர்க்கரை கம்மி. பையனுக்கு எப்பிடியோ கேட்டுக்க.

இந்தக் கெழவனுக்கு இங்கிலீசைப் பத்தி இன்னா தெரியும்னு உன் மூஞ்சியே கேக்குது. நான் ஒன்பதாவது, அதையும் முழுசாப் படிக்கல. ஆனா ஒரு காலேஜு லைப்ரரியில அட்டெண்டரா இருந்து, புஸ்தகத்தை எடுத்து அலமாரியில வெச்சு வெச்சே ரிட்டையர் ஆனவன். வெக்கிறதுக்கு முன்னாடி அட்டையையாவது பார்க்கணும் இல்ல? அங்க ஒரு இங்கிலீசு வாத்தியார் இருந்தார். அவரு பாடம் நடத்துவார், பசங்க தூங்குவாங்க, வராண்டாவுல ஸ்டூல் போட்டு நான் கேட்டுக்கினு இருப்பேன். சம்பளம் வாங்கிக்கினு பாடம் கேட்ட ஒரே மாணவன் அந்தக் காலேஜுல நான்தான்.

அவரு சொல்வார், இந்த மாதிரி ரெட்டை வார்த்தைக்கு 'ஃபிரேசல் வெர்ப்'னு பேரு வந்ததே ரொம்பப் பிந்தின்னு. லோகன் பியர்சால் ஸ்மித்துன்னு ஒருத்தர் 1925-ல போட்ட புஸ்தகத்துல அந்தப் பேரை எழுதினாராம். அதுவும் சொந்தச் சரக்கு இல்ல. ஹென்றி பிராட்லின்னு ஒரு அகராதிக்காரர் எடுத்துக்கொடுத்ததாம். பேரு வெக்கிறதுக்கு முன்னாடியே பல நூறு வருசமா அந்த ஊர்ல சாராயக்கடைக்காரன்ல இருந்து ராணி வரைக்கும் இதைப் பேசிக்கினுதான் இருந்தாங்க. 1755-ல அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் முன்னுரையிலேயே ஒத்துக்கினாராம்: வினைக்குப் பின்னால ஒரு சின்ன ஒட்டுச்சொல்லை ஒட்டி அர்த்தத்தையே மாத்துற இந்தப் பழக்கம்தான் அசலூர்க்காரனுக்குப் பெரிய சிரமம்னு. அகராதி போட்டவரே கையைத் தூக்கின இடத்துல, உன் கிளாஸ்காரன் ஒரு நாளைக்குப் பத்து வீதம் முடிச்சிடலாம்னு சொல்றான். தைரியசாலி.

சரி, கீழேயிருந்து எடுத்தல். அதுலயே நிப்போம். அதுக்கு நம்மகிட்ட ஒரு கதை இருக்குது. பரமார்த்த குரு குதிரை மேல போறாரு. மரக்கிளையில மாட்டித் தலைப்பாகை கீழே விழுது. சீடனுங்க பின்னாடிதானே வராங்க, எடுத்திருப்பாங்கன்னு அவரு பாட்டுக்குப் போறாரு. கொஞ்ச தூரம் போயிட்டு, எங்கடா தலைப்பான்னு கேட்டா, நீங்க எடுக்கச் சொல்லலியேன்றானுங்க. கோவம் வந்துடுச்சு. விழுறதை எல்லாம் எடுக்கணும்டா மடையனுங்களான்றாரு. ஒருத்தன் ஓடிப்போய்த் தலைப்பாகையை எடுத்துக்கினு வரான். அந்த நேரம் பார்த்துக் குதிரை சாணி போடுது. விழுந்தது விழுந்ததுதானே? தலைப்பாகையிலயே ஏந்திக்கினு வந்து நீட்டுறான். அப்பால குரு, எதை எதை எடுக்கலாம்னு ஒரு ஓலையில வரிசையா எழுதிக் கொடுக்குறாரு. கடைசியில குதிரை இடறி அவரே பள்ளத்துல விழுறாரு. எடுங்கடான்னு கத்துறாரு. சீடனுங்க ஓலையை விரிச்சுப் படிக்கிறாங்க. தலைப்பாகை இருக்குது, எடுத்தாச்சு. வேட்டி இருக்குது, அதையும் அவுத்து எடுத்தாச்சு. 'குரு'ன்னு மட்டும் எழுதல. எப்பிடி எடுக்குறது?

நீ சிரிக்கிற. சீடனுங்க சிரிக்கல. அவங்க நோட்டு எழுதி வெச்சிருந்தாங்க.

அந்தக் கதையை எழுதினது யாரு தெரியுமா? வீரமாமுனிவர். இத்தாலியில பொறந்த பெஸ்கி பாதிரியார். எங்கேயோ பொறந்தவர் இங்க வந்து நம்ம பேச்சைக் காதால பொறுக்கிக் கத்துக்கினு, 'எடு'ன்ற ஒரு சின்ன வார்த்தையை வெச்சு நம்மளையே கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டார். 1822-ல பாபிங்டன்னு ஒரு துரை அதை இங்கிலீசுல பெயர்த்து லண்டன்ல அச்சுப் போட்டார். வெள்ளைக்காரனுக்கும் அந்தக் கதை பிடிச்சுதாம். பிடிக்காம? அவனுக்கும் 'எடு' தகராறு இருக்குது இல்ல.

இப்போ பிக்கப்பைக் கூட்டிக்கினு ஊரைச் சுத்தி வருவோம், வா. அடி அர்த்தம் நீ எழுதினதுதான், குனி, எடு. அறுவடை ஆனப்பறம் வயல்ல சிந்தின கதிரைப் பொறுக்குவாங்களே உங்க ஆயா எல்லாம், அது சுத்தமான பிக்கப்பு. பாலாத்து மணலை ராத்திரியோட ராத்திரியா எத்தனையோ வருசம் எடுத்தானுங்களே, அதுவும் உன் நோட்டுப்படி சரியான பிக்கப்புதான், கீழேயிருந்துதானே எடுத்தாங்க. அவனுங்க எடுத்தது போக 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்போ ஆறும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கிச்சு, வாலாஜாபாத்துல இருந்து அவளூர் போற பாலத்தைக் கடிச்சு.

பொறுக்குறதுன்னு சொன்னேன் இல்ல, அதையே எடுத்துக்க. வயல்ல குனிஞ்சு பொறுக்குனா உழைப்பாளி. அதே வினையில ஒரு 'இ' ஒட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்க வெச்சா? பொறுக்கி. குனியவும் இல்ல, எதையும் எடுக்கவும் இல்ல, சும்மா செவுத்துல சாஞ்சு நின்னான், பேரு வந்துடுச்சு. இங்கிலீசுலயும் அதே கூத்துதான். முன்பின் தெரியாத பொண்ணுகிட்டப் பேச்சுக் கொடுத்து மசிய வெக்கிறதும் அவங்களுக்குப் பிக்கப்புதான். அதனால நாளைக்கு இன்டர்வியூல, வரும்போது என்ன பண்ணேன்னு கேட்டா, 'செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணைப் பிக்கப் பண்ணிக்கினு வந்தேன்'னு இங்கிலீசுல சொல்லி வெக்காத. அது உன் அக்காவா இருந்தாலும், அக்கான்னு முதல்ல சொல்லிட்டு அப்பால வண்டியில ஏத்து.

நாலு வருசம் முன்னாடி வந்திருந்தா இந்தப் புத்தி சொல்ல எனக்குத் தேவையே இருந்திருக்காது. அப்போ நீ பொண்ணுங்களைப் பார்த்தாலே மரத்துக்குப் பின்னாடி போயிடுவ. இப்போ பரவாயில்ல, பிக்கப் ஆயிட்ட. இது தேறிட்டன்ற அர்த்தம்.

ஆளை ஏத்திக்கினு போறதுன்ற அர்த்தம் நம்ம பக்கத்துக்கு எப்போ வந்துதுன்னு நினைக்கிற? 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் காரை ஓட்டி வெளிய விட்டான். 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான் வந்தான். அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல பஸ் 'வரும்', நாம 'ஏறுவோம்', அவ்ளோதான். அப்பால கம்பெனி பஸ்ஸு வந்துது. விடிகாலையில மூலைக்கு மூலை அடையாளக் கார்டைக் கழுத்துல மாட்டிக்கினு பசங்களும் பொண்ணுங்களும் நிக்கிறாங்க. அந்த எடத்துக்குப் பேரு பிக்கப் பாயிண்டு. புளியமரத்தடின்னு பேரு இருந்த எடம்டா அது. பேரு மாறினதைப் பத்தி எனக்குப் பெருசா வருத்தம் இல்ல. மரத்தை எடுத்துட்டு வெறும் பேரை மட்டும் விட்டு வெச்சிருந்தா அதுதான் வருத்தம். இப்போ ரெண்டும் இல்ல, கணக்கு நேர்.

2005-ல டாட்டா ஏஸ் வந்துது. அதுக்கு நம்ம ஆளுங்க 'சின்ன யானை'ன்னு அழகாப் பேரு வெச்சாங்க. கம்பெனிக்காரன் கோடி கோடியாக் கொட்டினாலும் அவனுக்கு அந்தப் பேரு கிடைச்சிருக்காது. அதுக்கு அண்ணன் வண்டியை மட்டும் பிக்கப்புன்றோம். காய்கறி ஏத்துறது பிக்கப்பு; அந்தப் பிக்கப்புக்கு மேட்டுல ஏறப் பிக்கப்பு இல்ல; டிரைவருக்குப் போன் போட்டா பிக்கப் பண்ண மாட்டேன்றான். இந்தப் பேச்சு தெனமும் இந்தக் கடையில நடக்குது. கேட்டுக்கினு இருக்கிற ஒருத்தனாவது குழம்புறானா? குழம்ப மாட்டான். எதிர்ல லாரி நிக்குது, ஏத்தம் நிக்குது, போன் நிக்குது. வார்த்தை எதைப் பார்த்து நிக்குதுன்னு அவனுக்குத் தெரியுது. நோட்டுல எதிர்ல என்ன நிக்குது? சிவப்புக் கோடு.

மாஸ்டரு, அந்த மசால் வடை சூடா இருக்குதா? ரெண்டு வை. இல்ல, மூணு. பையன் வளர்ற புள்ள, அவனுக்கு ஒண்ணு.

சளிக்கு வா. வெள்ளைக்காரன் சளியைப் 'பிக்கப்' பண்ணேன்றான். கீழே கிடந்த சளியைக் குனிஞ்சு எடுத்தானா? அவங்க ஊர்ல மனுசன் சளியைப் பிடிக்கிறான். நம்ம ஊர்ல சளி மனுசனைப் பிடிக்குது. எனக்கு நம்ம கணக்குதான் நியாயமாப் படுது. எவனாவது ஆசைப்பட்டுப் போய்ச் சளியைப் பிடிப்பானா? ஆனா நம்ம 'பிடி' மட்டும் லேசுப்பட்டதா? சளி பிடிக்குது, மழை பிடிக்குது, வண்டி வேகம் பிடிக்குது, வியாபாரம் சூடு பிடிக்குது, பஸ்ஸைப் பிடிக்கிறோம், ஆளைப் பிடிச்சுக் காரியம் முடிக்கிறோம், கடைசியில பொண்ணு வீட்டுல போய் உக்காந்தா, பொண்ணைப் பிடிச்சிருக்குதான்னு கேக்குறாங்க. இதைப் பெஸ்கி பாதிரியார் எப்பிடித்தான் தாங்கினாரோ.

சளி பிடிச்சவனுக்குப் பாலாத்துக்கு அக்கரையில ஆஸ்பத்திரியே இருந்துது, தெரியுமா? திருமுக்கூடல் கோயில் செவுத்துல வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்குது. 11-ஆம் நூத்தாண்டு. கோயிலை ஒட்டி வேதம் படிக்கிற பள்ளிக்கூடம், பசங்க தங்க விடுதி, அப்பால வீரசோழன்னு பேரு வெச்ச ஆதுலசாலை. ஆதுலர்னா நோயாளிங்க. 15 கட்டில். வைத்தியன், அறுத்து வைத்தியம் பண்றவன், மருந்து கொடுக்கப் பொம்பளைங்க, வேரும் விறகும் கொண்டாந்து மருந்து காய்ச்ச ஆளுங்க, எல்லாருக்கும் நெல்லு இவ்வளோன்னு எழுதி வெச்சிருக்குது. தெனம் அந்தப் பக்கம் வண்டியில போற, ஒரு நாளாவது இறங்கிப் பார்த்திருப்பியா? அந்த வேரெடுக்கிற ஆளு செஞ்சதும் பிக்கப்புதான். என்ன, அவனுக்கு அது தெரியாது. தெரியாமலே நல்லாச் செஞ்சான்.

இப்போ நம்ம ஒட்டு வேலையைப் பாரு. இங்கிலீசுக்காரன் வினைக்கு வாலு வெக்கிறான்: அப்பு, ஆஃபு, அவுட்டு. நாம வாலுக்குப் பதிலா இன்னொரு வினையையே கொண்டாந்து கட்டுறோம். விடு, போடு, கொடு, வை, தள்ளு. அந்த ரெண்டாவது ஆளு வந்து நின்னா முதல் ஆளு குணமே மாறிடும். உங்க மாமாவைப் போன வாரம் நான் பஸ்ஸுல ஏத்திவிட்டேன்; உங்க மாமியை யாரோ வீட்டுக்குள்ளேயே ஏத்திவிட்டாங்க. ரெண்டு ஏத்திவிட்டதுக்கும் பலன் ஒண்ணுதான், மாமா ஊர்ல இல்ல. அம்மா தலையை வாரிவிடுவா; பங்காளி காலை வாரிவிடுவான். வேலை முடிஞ்சதும் மாட்டைக் கழட்டிவிடுறோம். வேலை முடிஞ்சதும் கூட்டாளியையும் கழட்டிவிடுறோம். எங்க வீட்டுக்காரிக்கு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொடுத்தவன் நான். நான் சீட்டாடினதை அவகிட்ட போட்டுக்கொடுத்தது உங்க தாத்தன். போய்ச் சேர்ந்துட்டான், இல்லன்னா இன்னிக்கும் கேப்பேன்.

'தூக்கு' இருக்குதே, அது இன்னும் மோசம். குழந்தையைத் தூக்குறோம். கீழே விழுந்தவனைத் தூக்கிவிடுறோம். ராத்திரி மணல் வண்டியோட நின்னவனைப் போலீஸு தூக்குது. இங்கிலீசு போலீஸும் அதே மாதிரி ஆளைப் 'பிக்கப்' பண்ணும்னு வாத்தியார் சொன்னார். போலீஸுக்கு எந்த ஊரா இருந்தாலும் தூக்குறதுதான் வேலைபோல. சாம்பார்ல உப்பு தூக்கலா இருக்குது. கட்சியில பதவியில இருந்து ஆளைத் தூக்கிட்டாங்க. ஜெயிச்சு வந்தா தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. பரீட்சைக்குத் தமிழ் படிக்கிற ஒரு அசலூர்ப் பையன், 'தூக்கு - கீழிருந்து மேலே எடுத்தல்'னு நோட்டுல எழுதி வெச்சிருக்கான்னு வை. அவனைப் பார்த்தா உனக்குச் சிரிப்பு வருமா, வராதா? உன்னைப் பார்த்து லண்டன்ல ஒருத்தன் இந்நேரம் சிரிச்சுக்கினு இருப்பான்.

அதோட நாம விட்டமா? அவன் வார்த்தையைப் பிக்கப் பண்ணிக்கினு வந்து, நடுவுல இருக்கிற மூட்டை உருவிட்டு, பெயர்ச்சொல்லா ஆக்கி, 'பண்ணு', 'ஆகு', 'கொடு'ன்னு நம்ம வாலை ஒட்டிட்டோம். பில்டப் கொடுக்கிறான். ஒர்க்கவுட் ஆகுமா. செட்டப் பண்ணிட்டான். கெட்டப் மாத்திட்டான். ஷூட்டிங்குல பேக்கப் சொல்லிட்டாங்க. வெள்ளைக்காரன் வந்து கேட்டா அவனுக்கே பாதி புரியாது. கட்டவுட்டுன்றதை எடுத்துக்க. உன் நோட்டுப்படி 'வெட்டி வெளியே எடுத்தல்'. நாப்பது அடி உயரத்துக்குத் தலைவரு கும்பிட்டுக்கினு நிக்கிறதைக் காட்டி, 'இதோ வெட்டி வெளியே எடுத்தது'ன்னு சொல்லிப் பாரு. சொல்லிட்டு வேகமா ஓடு.

லேஅவுட்டு மட்டும் அர்த்தத்தோட சரியாப் பொருந்துது. பரப்பி வெச்சதுன்னு அர்த்தம். வாலாஜாபாத்துல இருந்து ஒரகடம் ரோட்டுல ரெண்டு பக்கமும் பாரு. நெல்லைப் பரப்பி வெச்ச எடத்துல கல்லைப் பரப்பி வெச்சிருக்கான். கலர் கலராக் கொடி. அவன்கிட்டப் போய் விலை கேளு, இப்போ ஏரியா நல்லா பிக்கப் ஆகுது சார்ன்னுவான். ஏரியான்னா அவனுக்கு மனை. எனக்கு அது ஏரிதான். ஏரி பிக்கப் ஆகுறது மழை பெஞ்சாதான்.

வாலு மாறினா வம்பு மாறும்ன்றதையும் சொல்லிடுறேன். 'பிக்'குக்குப் பின்னால 'அப்பு' இருந்தா எடுக்கிறது. 'அவுட்டு' வந்தா பலதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. 'ஆன்' வந்தா ஒருத்தனையே குறி வெச்சு நோண்டுறது, நான் இப்போ உன்னைப் பண்ற மாதிரி. வாலே இல்லாம பாக்கெட்டை ஒட்டினா, போலீஸு மறுபடியும் தூக்கும்.

இந்த 'அவுட்டு' வேலையைப் பார்க்கணும்னா உத்திரமேரூர் போ. நீ கல்யாணத்துக்குப் போயிருப்ப, சாப்பிட்டு வந்திருப்ப. வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்தைப் படிச்சியா? முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-லயும் 921-லயும் எழுதினது. ஊரை 30 குடும்பா, அதாவது வார்டாப் பிரிச்சு, நிக்கிறவன் பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, குலுக்கி, விவரம் ஒண்ணும் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாங்க. எடுத்ததை வாங்குற ஆளு அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன்? விரலிடுக்குல வேற ஓலை ஒளிச்சு வெச்சிருப்பான்னு சந்தேகம். ஆயிரத்து நூறு வருசம் முன்னாடியே நம்ம ஆளுங்களைப் பத்தி நம்ம ஆளுங்களுக்கு எவ்வளோ நம்பிக்கை பாரு! நிக்கிறவனுக்கு 35 வயசுக்கு மேல, 70-க்குள்ள இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், போன தடவை பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் இப்போ அமல்படுத்தினா தேர்தல்ல நிக்க ஆளு தேடணும். அதைப் பத்தி இந்தக் கடையில பேசாத, மாஸ்டரோட மச்சான் கவுன்சிலரு.

ஆனா அந்தப் பையனை நினைச்சுப் பாரு. அவன்கிட்ட 'எடு'ன்னு சொன்னாங்க. எதை எடுக்கணும்னு சொல்லல. சொன்னா மோசடி ஆயிடும். பரமார்த்த குரு சீடன்கிட்டயும் 'எடு'ன்னுதான் சொன்னார். எதைன்னு சொல்லல, அது சாணி ஆயிடுச்சு. வார்த்தை ஒண்ணுதான். உத்திரமேரூர்ல அது அரசாங்கம், பரமார்த்தர் மடத்துல அது கூத்து.

பெரிய பிக்கப் எதுன்னு கேட்டா நம்ம பார்வேட்டைத் திருவிழாவைத்தான் சொல்வேன். பொங்கல் முடிஞ்சு மறுநாள், மாட்டுப்பொங்கலுக்கு, காஞ்சிபுரத்துல இருந்து வரதர் கிளம்பி வரார். இருபது கிலோமீட்டருக்கு மேல, வழியெல்லாம் மண்டகப்படி. நம்ம ஊரு மலை ஏறுறார். வெயில் தாழ இறங்கும்போது நம்ம லட்சுமி நரசிம்மரையும் கூட்டிக்கினு, பாலாத்தைத் தாண்டித் திருமுக்கூடல் போறார். அங்க அப்பன் வேங்கடேசப் பெருமாள் காத்துக்கினு இருக்கார். சாலவாக்கத்துல இருந்து சீனிவாசர், காவாந்தண்டலத்துல இருந்து லட்சுமி நாராயணர், எல்லாரும் வந்துடுவாங்க. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற எடத்துல அஞ்சு பெருமாள் கூட்டம். பெரியவரு வந்து வழியில இருக்கிறவரைச் சேர்த்துக்கினு போறாரே, இதுக்கு இங்கிலீசுல என்னன்னு கேட்டா நீ என்ன சொல்வ? 'கீழிருந்து எடுத்தல்'னு சொல்வியா? மலை மேல இருந்து இறக்கிக் கூட்டிக்கினு போறாங்கடா! கீழேயும் இல்ல, எடுக்கவும் இல்ல. இதுல எங்க இருக்குது 'அப்பு'? பட்டாச்சாரியார்கிட்ட இதைச் சொல்லி, வரதர் நம்ம பெருமாளைப் பிக்கப் பண்ண வராருன்னேன். அவரு முறைச்சார். மறு வருசம் மைக்குல அவரே, 'வரதர் வந்து நம்ம சுவாமியை பிக்கப் பண்ணின்டு போறார்'னு சொன்னார். நான் முறைக்கல. நல்ல வார்த்தை தொத்திக்கும்.

இதான் நான் சொல்ல வந்தது. பேச்சைக் காதால கேட்டுக் கேட்டு வசப்படுத்துறதுக்கும் அவங்க ஊர்ல 'பிக்கப்'னுதான் பேரு. கிளாஸுக்குப் போறதுக்கு அந்தப் பேரு இல்ல, கவனி. சந்தையில, லாரியில, பக்கத்து வீட்டுச் சண்டையில காதுல விழுறதுக்குத்தான் அந்தப் பேரு. உன் மச்சான் ஒருத்தன் இந்தி பேசுறானே, எந்தக் கிளாஸுக்குப் போனான்? ஒரகடத்துல பீகார் பசங்களோட ஒரே ரூம்ல தங்கினான். முதல்ல கெட்ட வார்த்தை வந்துது, அப்பால சாப்பாட்டு வார்த்தை, ஆறு மாசத்துல அவங்களுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துக் கொடுக்கிற அளவுக்கு வந்துட்டான். அவன்கிட்ட நோட்டு கிடையாது. பேனாகூட என்கிட்டதான் கடன் வாங்குவான்.

அதனால நாளைக்கு என்ன பண்ணணும்னா, அந்த அதிகாரி இங்கிலீசுல பிக்கப்புன்னு சொன்னா, வார்த்தையைப் பார்க்காத, அவன் கண்ணைப் பாரு. போனைப் பார்த்துச் சொல்றானா, போனு. ஜன்னலுக்கு வெளிய பார்க்குறானா, பஸ்ஸு. உற்பத்திக் கணக்கைப் பார்த்துக்கினு பெருமூச்சு விட்டுச் சொல்றானா, அது வியாபாரம், நீ தலையாட்டு. மூக்கைத் துடைச்சுக்கினு சொல்றானா, சளி. நீ நாற்காலியைப் பின்னால தள்ளு. விட்ட எடத்துல இருந்து பிக்கப் பண்ணலாம்னு சொன்னா, மறுபடி தொடங்கலாம்னு அர்த்தம், எழுந்து போயிடாத. ஒண்ணும் புரியலைன்னா, புரியலைங்க, திருப்பிச் சொல்லுங்கன்னு கேளு. அதுக்கு இங்கிலீசு உனக்குத் தெரியும். தெரிஞ்சா மாதிரி நடிக்கிறவனுக்குத்தான் அவங்க ஃபிரேசல் வெர்ப்பு வெச்சு அடிக்கிறாங்க.

தோ, உன் பஸ்ஸு வருது. டவுன் பஸ்தான், நிதானமா நிக்கும், பதறாத. ஒண்ணே ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பிக்கப்புல இன்னொரு அர்த்தம் இருக்குது, உன் நோட்டுல அது இல்ல. ரெண்டு பேர் உக்காந்து சாப்பிட்டா, மேஜை மேல பில்லு வெப்பான் இல்ல, அந்தப் பில்லைப் பிக்கப் பண்றதுன்னா குனிஞ்சு எடுக்கிறது இல்ல, படிச்சுப் பார்க்கிறதும் இல்ல. மாஸ்டரு! நம்ம கணக்கு எவ்ளோ ஆச்சு? எழுவத்தி ரெண்டா? வெத்தலையும் சேர்த்தா? பையன்கிட்ட சொல்லு, அவன் இங்கிலீசு படிக்கிறான்.